விண்டோஸ் – மேக் அஷ்டாதச பேத நிர்ணயம்: பிச்சாட்டூர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றை முன்வைத்து

பிச்சாட்டூர் என்ற பெயர் தமிழ்நாட்டு வாசகர் கண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் படும். அணை திறந்தார்கள், ஊத்துக்கோட்டையில் எச்சரிக்கை என்று ஒரு பத்திச் செய்தி வரும். அணை ஆந்திராவில் இருக்கிறது. அதில் வழியும் ஆரணியாற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேருகிறது. அங்கே ஒருவர் ஷட்டரைத் தூக்கினால் இங்கே இன்னொருவர் தரைப்பாலத்தை மூட வேண்டும். 2022 ஏப்ரல் 4 அன்று இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. ஒரே பொருள் எல்லை தாண்டினால் வேறு குணம் காட்டும் என்பதை ஆராய இதைவிடத் தோதான களம் கிடைக்காது.

ஆய்வுப் பொருள் இதுதான்: ஒரே ஃபைல் விண்டோஸில் ஒரு மாதிரியும் மேக்கில் வேறு மாதிரியும் நடந்துகொள்வது ஏன்? மாதிரிக்கு எடுத்துக்கொண்டது ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் மென்பொருள் வேலை, கம்பெனி கொடுத்த மேக் மடிக்கணினி. பத்திரிகை அடிக்கும் கடையில் விண்டோஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு பென் டிரைவ், சட்டைப் பையில் உட்கார்ந்து, திருப்பதி பஸ்ஸில் ஊத்துக்கோட்டை வழியாக வருகிறது. பத்திரிகையில் இடப் பக்கம் தெலுங்கு, வலப் பக்கம் தமிழ். கல்யாணத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்கள், பிச்சாட்டூரிலிருந்து புத்தூர் போகும் வழியில் நாராயணவனத்தில் இறங்கிப் பார்க்கலாம். சீனிவாசப் பெருமாள் பத்மாவதியைக் கைப்பிடித்த ஊர் அது என்பது தலபுராணம். அந்தக் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. பத்திரிகையை எந்த இயங்குதளத்தில் அடித்தார்கள் என்று மட்டும் புராணம் சொல்லாமல் விட்டுவிட்டது.

இந்தப் பேதத்தைச் சமயக் கண்ணால் பார்த்தவர்களில் பெயர் பெற்றவர் உம்பர்த்தோ எக்கோ. மேக் கத்தோலிக்கம், டாஸ் புராட்டஸ்டன்ட் என்று 1994-இல் அவர் வகுத்தார். இத்தாலிக்கு அது சரி. திருப்பதி பஸ் நின்று போகும் ஊருக்கு அது உதவாது. இங்கே வடகலை, தென்கலை என்று சொன்னால்தான் விஷயம் புரியும். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. இது தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம். குரங்குக் குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்; இது வடகலையாரின் மர்க்கட நியாயம். மேக்கில் பயனர் சும்மா கிடந்தால் போதும், கம்பெனி கவ்விக்கொண்டு போகும், எங்கே என்று கேட்கக் கூடாது. விண்டோஸில் பிரிண்டர் டிரைவர், ஆன்ட்டி வைரஸ், ரீஸ்டார்ட் என்று பயனர்தான் தொங்க வேண்டும், பிடி நழுவினால் பொறுப்பு அவருடையது. இதற்கு ஆப்பிள் கம்பெனியே பிரமாணம் தந்திருக்கிறது. 2001 முதல் 2012 வரை வந்த மேக் பதிப்புகள் ஒன்பது: சீட்டா, பியூமா, ஜாகுவார், பாந்தர், டைகர், லெப்பர்ட், ஸ்னோ லெப்பர்ட், லயன், மவுன்டன் லயன். ஒன்பதும் பூனைக் குடும்பம். கலிபோர்னியாவில் யாரோ ரகசியமாகத் திருமண் இட்டுக்கொண்டிருந்தார் என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. (லினக்ஸ் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். பென்குயின் நியாயம் என்று சம்பிரதாயத்தில் ஒன்றும் இல்லை.)

கலைகள் இரண்டுக்கும் பேதம் பதினெட்டு என்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டையும் விரிக்கப் போவதில்லை. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதாக ஒரு கதை வழங்குகிறது. கன்ட்ரோல் பட்டனா, கமாண்ட் பட்டனா என்பதை ஆரம்பித்தால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் போய் நிற்கும். விண்டோஸ்காரர் சுண்டு விரலால் காப்பி எடுக்கிறார், மேக்காரர் கட்டை விரலால் எடுக்கிறார் என்பதோடு அதை விட்டுவிடுவோம்.

சாவு பற்றிய பேதத்தை அப்படி விட முடியாது. விண்டோஸில் வலது மூலையில் பெருக்கல் குறி. கடைசி ஜன்னலில் அதை அமுக்கினால் அநேகமாக அந்த நிரலின் கதையும் முடிந்தது. மேக்கில் இடது மூலையில் சிவப்புப் பொட்டு. அதை அமுக்கினால் ஜன்னல் போகும், நிரல் போகாது. கீழே வரிசையில் ஒரு சின்னப் புள்ளியை வைத்துக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கும். சரீரம் விழும், ஆத்மா விழாது என்பது மேக்கின் சித்தாந்தம். இந்த ஓர் இடத்தில் மட்டும் விண்டோஸ் வைஷ்ணவத்தை விட்டுவிட்டுச் சார்வாகர் கட்சியில் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸில் பழகியவர் மேக்கில் அரை மணி நேரம் வேலை செய்தால், மூடிவிட்டதாக நினைத்த பத்து நிரல்களும் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஃபோல்டர். 'கல்யாணம்' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் அதே பெயரில் இன்னொன்றைக் கொண்டு போட்டால் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிறது. ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் மட்டும் எதை வைக்க என்று கேட்கிறது. மேக்கோ 'மாற்றிவிடவா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். சரி என்று சொன்னால் பழைய ஃபோல்டர் முழுசாகப் போய், புதியது அந்த இடத்தில் உட்காரும். பின்னால் வந்த பதிப்புகளில் கலக்கும் வழியும் வந்தது, ஆனால் தெரிந்தவருக்கே அது கிட்டும். நிச்சயதார்த்தப் படங்கள் இருந்த ஃபோல்டர் மேல் முகூர்த்தக்கால் படங்களைப் போட்ட குடும்பங்களுக்கு இந்த பேதத்தை விளக்கத் தேவையில்லை. இது என் தனிப்பட்ட தீர்ப்பு: பதினெட்டில் மிகக் கொடியது இதுதான். விண்டோஸ் கட்சிக்கு நான் ஓட்டுப் போடுவது இந்த ஒரு காரணத்துக்காக.

பென் டிரைவின் கதைக்கு வருவோம். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மேக்கில் செருகினால், உள்ளே இருப்பதையெல்லாம் படிக்கும், எழுது என்றால் எழுதாது. வீட்டில் தமிழ் பேசித் தெலுங்குப் பள்ளியில் படித்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் தமிழை வாய் நிறையப் பேசிவிட்டு எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைப்பது போல. மாப்பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு இரண்டு கலைக்கும் பொதுவான எக்ஸ்ஃபாட் முறையில் டிரைவைத் தயார் செய்துவிட்டார். படித்த பிள்ளை. ஆனால் மேக் அந்த டிரைவில் தன் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஃபைலைப் போட்டு அனுப்பும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ஓர் அடிக்கோடு, மற்றபடி அதே பெயர். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. கடையில் தெரியும்.

"தம்பி, எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குதே. ஒண்ணு திறக்கவே மாட்டேங்குது."

"அதை விட்டுட்டு இன்னொண்ணைத் திறங்கண்ணா. அங்க நல்லாத்தான் இருந்தது."

"அங்க நல்லா இருந்தா அங்கியே அடிச்சிக்க வேண்டியதுதானே?"

ஆய்வாளர்கள் கவனிக்க: எல்லை தாண்டிய எல்லா மென்பொருள் தகராறும் கடைசியில் இந்த மூன்று வரிக்குள் அடங்கும்.

எழுத்துரு விவகாரம் இதைவிடப் பழையது. கடைக் கணினியில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. 1985-இல் ஆல்டஸ் கம்பெனி அதை முதலில் மேக்குக்குத்தான் செய்தது. விண்டோஸுக்கு 1987-இல் வந்தது. பிறகு அடோபி கைக்கு மாறி, 2001-இல் ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது. பிறந்த வீட்டின் புதிய இயங்குதளத்துக்கு ஏற்றபடி அதை யாரும் மாற்றி எழுதவில்லை. புகுந்த வீடான விண்டோஸில், நம் ஊர் டிடிபி கடைகளில், இன்றைக்கும் மாமியார் அந்தஸ்தோடு வாழ்கிறது. அதில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் எழுத்துரு ஒரு தமிழ் முகமூடியைப் போட்டிருக்கும். முகமூடி இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. எண் 127 வரையிலான இடங்கள் விண்டோஸுக்கும் பழைய மேக்குக்கும் பொது. அதற்கு மேலே உள்ள இடங்களில் எந்த எழுத்து எங்கே என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே எட்டு பிட் எழுத்துருவில் அடித்த தமிழ், எல்லை தாண்டினால் பாதி எழுத்து பிழைத்து, பாதி வேறு எழுத்தாகப் பிறவி எடுத்திருக்கும்.

தெலுங்குப் பக்கத்தில் அனு எழுத்துருக்கள். அதை அடிக்கும் ஆபரேட்டர்களில் நிறையப் பேர் பழகியிருப்பது 'ஆப்பிள் கீபோர்டு' என்ற விசைமுறை. விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிள் கணினியைத் தொட்டே பாராதவர்கள், ஆப்பிள் கீபோர்டில் நிமிஷத்துக்கு நிமிஷம் பத்திரிகை அடித்துத் தள்ளுகிறார்கள். நெற்றியில் வடகலை, நெஞ்சில் தென்கலை. இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஆய்வுலகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் யூனிகோடு வந்துவிட்டதே என்று பூர்வபட்சக்காரர் எழுந்து நிற்பார். வந்துவிட்டது. தமிழ்நாடு அரசே 2010-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. மாப்பிள்ளையும் யூனிகோடில்தான் அடித்து வந்தார். மேக்கில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு. கடை விண்டோஸில் அது இல்லை, லதா இருந்தது. எழுத்து சிதையவில்லை, அகலம் மாறியது. அகலம் மாறினால் வரி மடியும் இடம் மாறும். வரி மடியும் இடம் மாறினால் ஒரு வரி கூடும். ஒரு வரி கூடினால் பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகும். போனது தாய்மாமன் பெயர். கணினி விஞ்ஞானத்தில் இது சின்ன விஷயம். கல்யாண வீட்டில் இதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருந்திருக்கிறது.

இனி இந்த ஆய்வின் நடு மையம்: 'கோ' என்ற எழுத்து. மணமகன் பெயர் கோபால் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும் ஒரே குறியாக ஒரு தனி எண் உண்டு. அல்லது முன்னால் வரும் இரட்டைக்கொம்புக்கு ஓர் எண், பின்னால் வரும் காலுக்கு ஓர் எண் என்று பிரித்தும் எழுதலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. 'கொ'வுக்கும் 'கௌ'வுக்கும் இதே விதி. தனி உயிரான ஔ-கூட இப்படிப் பிளக்கும். விண்டோஸ், ஃபைலுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதை அப்படியே வைத்துக்கொள்ளும். மேக்கோ 1998-இல் வந்த எச்எஃப்எஸ் ப்ளஸ் முறையில், நீங்கள் எப்படி அடித்தாலும் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் கழற்றித்தான் பெயரைச் சேமித்தது. நன்னூல் பாடம் எடுக்கும் வாத்தியார் பகுபதத்தைக் கண்டால் விடமாட்டாரே, அதே வைராக்கியம். 2017-இல் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய முறை வந்தபோதுதான் சேமிப்பில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது.

விளைவு என்ன? மேக்கிலிருந்து வந்த 'கோபால் பத்திரிகை' ஃபைலும், கடையில் புதிதாக அடித்த 'கோபால் பத்திரிகை' ஃபைலும் விண்டோஸில் ஒரே ஃபோல்டருக்குள் அக்கம் பக்கமாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது என்பது கணினியின் பால பாடம். ஆனால் கண்ணெதிரே இரண்டு கோபால் இருக்கிறார்கள். ஒருவர் கையும் காலும் சேர்ந்த கோபால், ஒருவர் கழற்றிய கோபால். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலில் தேடினால் ஒரு கோபால் கிடைப்பார், மற்றவர் கண்ணெதிரே நின்றுகொண்டே காணாமல் போயிருப்பார். ராம என்றோ சிவ என்றோ பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஆகாரத்தையும் இகரத்தையும் யாராலும் பிளக்க முடியாது. ஆக, இரண்டு இயங்குதளத்திலும் சுகமாக வாழ விரும்பும் பெற்றோர் ஜாதகத்தோடு இதையும் பார்ப்பது நல்லது. கை முறிந்தால் பக்கத்திலேயே புத்தூர்க் கட்டு இருக்கிறது, தமிழ்நாடு முழுக்க அங்கே போய்க் கட்டிக்கொண்டு வருகிறது. கொம்பு முறிந்தால் கட்டுப் போட ஆள் இல்லை.

தமிழுக்கு நேர்ந்தது எலும்பு முறிவு. தெலுங்கு செய்தது திருப்பித் தாக்குதல். 2018 பிப்ரவரியில், ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு ஆப்பிள் உலகத்தையே குப்புறத் தள்ளியது. ஜ, ஞ இரண்டும் சேர்ந்த கூட்டெழுத்து, அதில் நெடில். நடுவில் எழுத்தை ஒட்டவிடாமல் நிறுத்தும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. இந்த வரிசையில் ஒரு செய்தி வந்தால், அதைத் திரையில் வரைய முயன்ற நிரல் ஐபோனிலும் மேக்கிலும் அப்படியே சரிந்து விழுந்தது. திரும்பத் திறந்தால் திரும்ப விழுந்தது. பிப்ரவரி 19 அன்று ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் இந்த எழுத்தை எந்தச் சலனமும் இல்லாமல் வரைந்துகொண்டிருந்தது. ஞானம் என்ற வார்த்தையைத் தெலுங்கில் தொடங்கி வைக்கும் எழுத்து இது. காளஹஸ்தியில் குடியிருக்கும் ஞானப்பிரசூனாம்பிகையின் திருநாமமும் இதில்தான் தொடங்குகிறது. சாதாரணமாக அடித்தால் ஒன்றும் ஆகாது, நடுவில் அந்தத் தடைக்குறி விழுந்தால்தான் விபரீதம். அம்பாளின் பெயரை யாரும் அரைகுறையாக அடிக்கத் துணியவில்லை என்பதால்தான் ராகு கேது பரிகாரத்துக்கு வந்த ஐபோன்கள் பிழைத்தன என்று ஊகிக்க இடமிருக்கிறது.

பத்திரிகையோடு வந்த எக்செல் ஃபைலையும் பார்த்துவிட வேண்டும். மொய்க் கணக்கு, தெலுங்கு வீட்டில் இதற்குச் சதிவிம்புலு. விண்டோஸ் எக்செல் 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து எண்ணும். பழைய மேக் எக்செல் 1904 ஜனவரி 1-இலிருந்து எண்ணும். போதாக்குறைக்கு, 1900-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐ விண்டோஸ் பக்கம் ஒரு நாளாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய நிரல் செய்த தப்பைப் பொருத்தம் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டது அது. எல்லாம் கூட்டினால் இரண்டு கணக்குக்கும் இடைவெளி 1462 நாள். அதாவது நான்கு வருஷமும் ஒரு நாளும். 2010 மே 24 திங்கட்கிழமை முகூர்த்தம் என்று மேக்கில் எழுதிய கட்டத்தைக் காப்பி எடுத்து விண்டோஸ் கணக்கில் ஒட்டினால் 2006 மே 23 என்று வரும். வருஷம் மாறியதை எவரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு நாள் இருக்கிறதே, அது போய் விழுவது செவ்வாய்க்கிழமையில். கம்பெனிகளில் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவரைக்கூட வேலைக்கு வைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இத்தனை பேதத்துக்கும் தீர்வு என்ன? ஒருங்குறி மன்றம் ஒன்று சொல்லும், கம்பெனிகள் ஒன்று சொல்லும். கடைக்காரர் சொல்வது ஒரே வார்த்தை: "கர்வ் பண்ணிடு." கோரல் டிராவில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் எழுத்தெல்லாம் வெறும் கோடும் வளைவுமாக மாறிவிடும். பிறகு அதில் 'கோ' கிடையாது, கோ மாதிரி ஒரு படம்தான் உண்டு. கொம்பும் காலும் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்ற கேள்வியே எழாது. எழுத்துரு வேண்டாம், மொழி வேண்டாம், இயங்குதளம் எதுவானாலும் கவலையில்லை. நாம ரூபத்தில் நாமம் ஒழிந்து ரூபம் மட்டும் மிஞ்சிய நிலை. இரண்டு கலையாரும் இத்தனை நூற்றாண்டாகச் சண்டை போட்டுத் தேடிய மோட்சம் கன்ட்ரோல் கியூ என்ற இரண்டு பட்டன்களில் இருக்கிறது.

அந்த மோட்சத்தில் ஒரே ஒரு சிக்கல். பிரிண்டுக்குப் போகும் முன் தாய்மாமன் கடைக்கு வந்து பத்திரிகையைப் பார்த்தார். அவர் பெயர் முதல் பக்கத்துக்கே திரும்பி வந்திருந்தது, சந்தோஷம். ஆனால் தமிழ்ப் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, தெலுங்குப் பக்கத்தில் வேறோர் எழுத்து. தமிழ் வழக்கில் இனிஷியல் அப்பா பெயருக்கு, தெலுங்கு வழக்கில் வீட்டுப் பெயருக்கு. இரண்டுமே சரி என்று கடைக்காரர் எடுத்துச் சொன்னார். மாமா கேட்பதாக இல்லை. ஒரே ஆளுக்கு எதற்கு ரெண்டு எழுத்து, ஒரே மாதிரி போடு என்றார். கர்வ் ஆன எழுத்தில் திருத்தம் செய்ய முடியாது. திருத்த வேண்டுமானால் மூல ஃபைல் வேண்டும். அது சென்னையில், மேக்கில், கழற்றிய கோபால் பெயரில் இருக்கிறது. ஊத்துக்கோட்டை பஸ் நாலரை மணிக்கு.